லேப்டாப்பில் கீச்சொலி: களியக்காவிளைச் சுற்றுவட்டாரத்துக்காரர்கள் வரிசையாகச் செய்ய வேண்டியவை

ராத்திரி மின்விசிறியை நிறுத்திவிட்டு லேப்டாப்பைத் திறந்தால் காதோரம் கொசு சுற்றுவதுபோல் ‘கீ’ என்று ஒரு மெல்லிய சத்தம். பக்கத்தை மேலும் கீழும் உருட்டினால் அது ‘சிர்ர்’ என்று மாறும். மின்சுற்றிலுள்ள காயில், அதாவது கம்பிச்சுருள், அதிர்வதால் வரும் சத்தம் இது. சர்வீஸ்காரர்கள் இதைக் காயில் வைன் என்பார்கள். கருவிக்கு இதனால் பெரும்பாலும் ஆபத்து இல்லை, உங்கள் நிம்மதிக்குத்தான் ஆபத்து.

களியக்காவிளை, மார்த்தாண்டம், பாறசாலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். பில் திருவனந்தபுரத்துக் கடையுடையது, வீட்டு முகவரி தமிழ்நாடு, சில சமயம் லேப்டாப்பே துபாயிலிருந்து வந்தது. எதை முதலில் செய்வது என்ற வரிசை தப்பினால் பணமும் நாளும் போகும். பட்டவர்களுக்குத்தான் அது தெரியும், நீங்களும் பட வேண்டியதில்லை.

1. சத்தத்தை ஆராயும் முன் பில்லில் தேதியைப் பாருங்கள்

பலர் தவறுவது இங்கேதான். பத்து நாள் செட்டிங்கை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, அதன்பிறகு மாற்றித் தரச் சொல்லிக் கேட்பார்கள். ஆன்லைனில் வாங்கியதற்கு மாற்றிக்கொள்ளும் காலம் பெரும்பாலும் 7 நாள், சில இடங்களில் 10. அதுவும் பொருள் கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணுவது. நேரடிக் கடையில் அந்தச் சலுகை கடைக்காரரின் வாய்ச்சொல்லாகவே இருக்கும். எனவே முதல் நாளே அவருக்குப் புகாரை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி, பில் படம், சீரியல் எண் போதும்.

சீரியல் எண் பில்லில் அச்சாகியிருக்கிறதா, லேப்டாப்பின் அடியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஓணம் ஆஃபர் நெரிசலில் பெட்டி மாறி, பில்லில் வேறு எண் ஏறிவிடுவது உண்டு. சத்தம் பிடிக்காமல் மாற்றப் போகும்போதுதான் அது தெரியவரும், அப்போது கடைக்காரர் கை விரிப்பார்.

தயாரிப்பாளரின் இணையதளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு வாரண்டி எந்த நாட்டுக்கு, எந்தத் தேதி வரை, இன்ஜினியர் வீட்டுக்கு வரும் வகையா, நாம் கொண்டுபோகும் வகையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வளைகுடாவிலிருந்து வந்த லேப்டாப்புக்கு இது மிக முக்கியம். ஒரே பெயருள்ள மாடலில்கூட ஒன்றுக்கு உலக வாரண்டி இருக்கும், இன்னொன்றுக்கு வாங்கிய நாட்டில் மட்டும்தான் இருக்கும்.

2. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிடியுங்கள்

இதற்கு அரைமணி நேரம் போதும். சார்ஜர் சோதனைக்கு மட்டும் கரண்ட் வேண்டும், மற்றவற்றுக்குக் கரண்ட் போன ராத்திரிதான் தோதான நேரம், ஃபிரிட்ஜ் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் இருக்காது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் ஓடினால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். கீழே சொல்லும் வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றுங்கள், ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

சார்ஜரைக் கழற்றுங்கள். சத்தம் நின்றால் சார்ஜர், அல்லது லேப்டாப்பில் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் பகுதி. சார்ஜர் பெட்டியைத் தனியே காதருகே வைத்துப் பாருங்கள். பேட்டரி நிறைந்தபின் சார்ஜர் விட்டுவிட்டு வேலை செய்யும். அப்போது லேசாகக் கீச்சிடுவது சாதாரணம்.

ஸ்பீக்கரை மியூட் செய்யுங்கள். நின்றால் அது ஆடியோப் பகுதியின் இரைச்சல். ஹெட்போனில் மட்டும் கேட்கிறது, சார்ஜரைக் கழற்றினால் போய்விடுகிறது என்றால் எர்த் பிரச்சினை, அதற்கு 4-ஆம் படிக்குப் போங்கள்.

திரை வெளிச்சத்தை 100 சதவீதம் ஆக்குங்கள். சில திரைகளில் வெளிச்சத்தைக் குறைப்பது என்றால் பின்விளக்கை நொடிக்குப் பலமுறை அணைத்து ஏற்றுவது. முழு வெளிச்சத்தில் அந்த வெட்டு இல்லை. அங்கே சத்தம் நின்று 40 சதவீதத்தில் திரும்பி வந்தால் பின்விளக்கின் மின்சுற்றுதான்.

இப்போது ஒரு நீளமான பக்கத்தைத் திறந்து வேகமாக உருட்டுங்கள். உருட்டும்போது சத்தம் அதோடு சேர்ந்து மாறி, விட்டதும் பழைய நிலைக்கு வந்தால் மதர்போர்டில் பிராசஸருக்கோ கிராஃபிக்ஸுக்கோ மின்சாரம் கொடுக்கும் பகுதியின் காயில் என்பது ஏறக்குறைய உறுதி.

மின்விசிறியோடு குழம்பாமல் இருக்க ஒரு வழி: கனமான வேலை எதையாவது ஓட்டுங்கள். விசிறிச் சத்தம் படிப்படியாக ஏறும், வேலை முடிந்தபின் படிப்படியாக இறங்கும். காயில் சத்தம் அந்த நொடியே மாறும். ‘விசிறி உர்ரென்றுதான் இரையும், கீச்சிடாது’ என்பது தவறான நம்பிக்கை. நிமிடத்துக்கு 4,800 சுற்று ஓடும் விசிறி நொடிக்கு 80 சுற்று ஓடுகிறது. அதில் 37 இறகு இருந்தால் நொடிக்கு 2,960 முறை காற்றை வெட்டும். அது நல்ல உயர்ந்த சுருதி. விசிறியிலிருந்து அப்படி வந்தால் தூசு துடைப்பதிலோ விசிறியை மாற்றுவதிலோ தீர்ந்துவிடும். மாடலைப் பொறுத்து ஆயிரம் ரூபாயிலிருந்து மூவாயிரம் வரை ஆகலாம்.

இடத்தைத் துல்லியமாகப் பிடிக்க ஒரு முழ நீளக் குழாய் போதும். ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைக் கீபோர்டின் மேல் மெல்ல நகர்த்துங்கள். பிளாஸ்டிக் குழாய் இல்லாவிட்டால் பப்பாளி இலைத் தண்டு. உள்ளே வெறும் குழல், உலோகமும் இல்லை, நம் ஊரில் எந்தக் கொல்லையிலும் கிடைக்கும். சத்தம் உச்சமாகக் கேட்கும் இடத்தில் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டிப் படம் எடுத்து வையுங்கள்.

கீச்சோடு கருகும் வாடை, ‘படபட’ என்ற வெடிப்பு, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இத்தோடு நிறுத்திவிடுங்கள். டச்பேட் தூக்கினால் பேட்டரி வீங்கியிருக்கலாம். அணைத்து, சார்ஜரைக் கழற்றி, நேரே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

3. செலவில்லாத மாற்றங்கள்

காரணத்தைச் சுருக்கமாகச் சொன்னால்தான் இந்த மாற்றங்கள் புரியும். மின்னழுத்தத்தை இறக்கிக் கொடுக்கும் சுற்றுகள் நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடும். மனிதக் காது 20,000 வரைதான் கேட்கும் என்பதால் அது நமக்குக் கேட்பதில்லை. ஆனால் பிராசஸர் சும்மா இருக்கும்போது உறங்கி உறங்கி விழிக்கிறது. அந்த விழிப்பு நொடிக்குச் சில ஆயிரம் முறை ஆனால் மின்னோட்டமும் அதே தாளத்தில் ஏறி இறங்கும், காயில் அதிரும். பக்கத்திலிருக்கும் செராமிக் கெப்பாசிட்டர்களும் (மின்சாரத்தைச் சற்றே தேக்கிவைக்கும் சிறு பாகங்கள்) மின்னழுத்தம் மாறும்போது கொஞ்சம் நீண்டு சுருங்கிப் போர்டையே ஸ்பீக்கர் அட்டைபோல் ஆட்டும். ஆக, தாளத்தைக் கலைத்தால் சத்தம் குறையும்.

விண்டோஸில் கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் பிளானின் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போங்கள். பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட் என்ற இடத்தில் மேக்சிமம் அளவை 99 ஆக்கினால் டர்போ வேகம் நின்றுபோகும். வேலை செய்யும்போது மட்டும் வரும் கீச்சுக்கு இது பலன் தரும். கூடவே லேப்டாப் கொஞ்சம் மெதுவாகும், சூடும் குறையும். சும்மா இருக்கும்போதே கீச்சிட்டால் மினிமம் அளவை 100 ஆக்கிப் பாருங்கள், பேட்டரி சீக்கிரம் தீரும். அதே பட்டியலில் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற தலைப்பின் கீழ் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்டை ஆஃப் செய்வது எஸ்எஸ்டி (தகவலைச் சேமிக்கும் பாகம்) பக்கத்திலிருந்து வரும் கீச்சுக்கு உதவும். சில லேப்டாப்பில் இந்த வரிகள் மறைக்கப்பட்டிருக்கும். அப்படியானால் செட்டிங்ஸில் பவர் மோடை மாற்றிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

திரை 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை முறை படம் புதுப்பிப்பது) என்றால் 60-க்கு இறக்குங்கள். விளையாடும்போது மட்டும் கீச்சு என்றால் ஃப்ரேம் அளவுக்கு வரம்பு போடுங்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட் என்ற வரி இருக்கிறது, 60 கொடுங்கள். விளையாட்டின் மெனுத் திரையில்தான் சத்தம் உச்சத்துக்குப் போகும். அங்கே வரைய ஒன்றுமில்லாததால் கிராஃபிக்ஸ் சிப் நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஃப்ரேம் தள்ளிக்கொண்டிருக்கும்.

பயோஸில் (லேப்டாப் தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) சி-ஸ்டேட்ஸ், அதாவது பிராசஸரின் உறக்க நிலைகள், என்ற வரி இருந்தால் அதை அணைப்பது சும்மா இருக்கும்போது வரும் கீச்சுக்கு நேரடி மருந்து. பிராசஸர் ஆழ்ந்து உறங்கவே உறங்காது. அலுவலகத்துக்கென்று விற்கும் மாடல்களில்தான் இது பெரும்பாலும் இருக்கும், வீட்டு மாடல்களில் மறைத்திருப்பார்கள். விலை என்ன? பேட்டரி நேரம் குறையும், மடியில் வைக்க முடியாத சூடு வரும். மேசையில் சார்ஜரிலேயே ஓடும் லேப்டாப்புக்குச் சரி, கல்லூரிக்குத் தூக்கிப்போகும் லேப்டாப்புக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

பயோஸ் அப்டேட் வந்திருந்தால் போடுங்கள், சில மாடல்களில் அதிலேயே தீரும். போடும் முன் பிட்லாக்கரை (விண்டோஸ் டிஸ்குக்குப் போடும் பூட்டு) சஸ்பெண்ட் செய்ய வேண்டும், பேட்டரி பாதிக்கு மேல் இருக்க வேண்டும், சார்ஜர் செருகியிருக்க வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் நம்முடையது. இடி முழங்கும் மாலையில் இந்த வேலை வேண்டாம்.

4. சார்ஜர், இன்வர்ட்டர், எர்த்

சார்ஜர் கழற்றினால் நிற்கிற சத்தம் என்றால் மட்டும் இந்தப் படி. முதலில் வேறொரு வீட்டில் செருகிப் பாருங்கள். அங்கே சத்தம் இல்லையென்றால் குற்றம் உங்கள் வீட்டு வயரிங்கில்.

கரண்ட் போய் இன்வர்ட்டரில் ஓடும்போது மட்டும் சார்ஜர் இரைந்தால், இன்வர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக, அதாவது மின்சாரத்தைச் சீரான அலையாக இல்லாமல் சதுர வெட்டாகத் தருவதாக, இருக்கலாம். அந்த நேரம் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டினால் போதும், லேப்டாப்புக்காக மட்டும் சைன் வேவ் இன்வர்ட்டர் வாங்க வேண்டியதில்லை.

வளைகுடா லேப்டாப்பின் பிளக்கில் தட்டையான மூன்று கம்பி இருக்கும். அதற்குப் போடும் மலிவான கன்வர்ட்டர்களில் பல, எர்த் கம்பியை நம் சாக்கெட்டோடு இணைப்பதே இல்லை. ஹெட்போனில் இரைச்சலும், உலோக மூடியைத் தொட்டால் விரல் ‘சுர்’ரென்று கூசுவதும் பல வீடுகளில் இதனால்தான். கன்வர்ட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, சார்ஜரில் கழற்றிச் செருகும் வயர் மட்டும் இந்தியப் பிளக் உள்ளதாக வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். அதன்பிறகும் கூசினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சாக்கெட்டில் எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டித் தருகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள்.

புது சார்ஜர் வாங்கினால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் அதன்கீழ் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யார் பெயரில், எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வரும். வேறு பொருளின் எண்ணை அச்சடித்த போலிகள் அங்கே மாட்டிக்கொள்ளும்.

5. சத்தத்தைப் பதிவு செய்யுங்கள்

சர்வீஸ் கவுண்டரில் ஏசி, கூட்டம், ரோட்டில் பஸ் ஹாரன். உங்கள் கீச்சு அங்கே கேட்காது. மேலும், வயது ஏற ஏற மேல் சுருதி காதுக்குக் கேட்காமல் போகும். ஐம்பது தாண்டிய டெக்னீஷியன் ‘ஒண்ணும் கேக்கலியே’ என்றால் அவர் பொய் சொல்கிறார் என்று சண்டை போடாதீர்கள், உண்மையிலேயே கேட்டிருக்காது.

போனில் ஸ்பெக்ட்ராய்டு மாதிரி ஒரு செயலியை இறக்குங்கள். சத்தத்தைக் கோடுகளாகக் காட்டும். போனை ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தில் வையுங்கள். கீச்சு இருந்தால் ஒரு சுருதியில் கூர்மையாக ஒரு முள் எழும்பி நிற்கும். அது எத்தனை ஹெர்ட்ஸ் என்று குறித்து, திரைப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு லேப்டாப்பை முழுதாக அணைத்து இன்னொரு படம். முள் மறைந்திருக்க வேண்டும். அணைத்த பிறகும் முள் நின்றால் அது அறையிலிருக்கும் எல்இடி பல்போ வேறெதுவோ.

அடுத்து ஒரு நிமிட வீடியோ: சீரியல் எண் தெரிய அடிப்பக்கம், பேட்டரியில் ஓடுவது, பக்கத்தை உருட்டுவது, விடுவது. வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக இருக்கட்டும். இதை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகவோ சாதாரண வீடியோவாகவோ அனுப்பினால் மேல் சுருதி அமுங்கிப்போகும். டாக்குமென்ட் என்று இணைத்து அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில்.

6. எந்தப் பக்கம் போவது

வாரண்டி இந்திய வாரண்டி என்றால் கேரளத்தில் வாங்கியதைத் தமிழ்நாட்டு சர்வீஸ் சென்டர் மறுக்கக் காரணம் இல்லை. கடை வாரண்டி என்று கடைக்காரர் தனியாகக் கொடுத்தது மட்டும் அந்தக் கடையோடு நிற்கும்.

இன்ஜினியர் வீட்டுக்கு வரும் வாரண்டியில் பின்கோடு பார்த்துத்தான் ஆள் ஒதுக்குவார்கள். எல்லையில் இஞ்சிவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் பின்கோடு 695-இல் தொடங்கும், தமிழ்நாட்டுப் பக்கம் 629. கடையில் பில் போடும்போது அவசரத்துக்குக் கொடுத்த கேரள முகவரியே கம்பெனிப் பதிவில் இருந்தால் அழைப்பு திருவனந்தபுரத்துக்குப் போய், அங்கிருந்து ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திரும்பும். அதிலேயே மூன்று நான்கு நாள் கரையும். புகார் பதியும்போது முதல் கேள்வியாகவே முகவரியை மாற்றச் சொல்லுங்கள்.

கொண்டுபோகும் வாரண்டி என்றால் களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரமும் நாகர்கோவிலும் ஏறக்குறைய ஒரே தூரம். எங்கே அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சென்டர் இருக்கிறதோ அங்கே போங்கள். போகும் முன் போன் செய்யுங்கள். ஹர்த்தால் அன்றோ ஓண விடுமுறையிலோ போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டாம். மலையாளத்தில் சொல்ல வேண்டி வந்தால் ‘ஃபேன் அல்ல, போர்டில் நின்னாணு ஒச்ச’ என்ற ஒரு வரி போதும்.

ஜாப் ஷீட்டில், அதாவது சர்வீஸுக்கு எடுக்கும்போது கவுண்டரில் போடும் சீட்டில், ‘சவுண்ட் பிராப்ளம்’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். ஸ்பீக்கரை மாற்றித் தந்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். ‘பேட்டரியில், பக்கம் உருட்டும்போது, மதர்போர்டிலிருந்து கீச்சொலி, ஸ்பீக்கர் மியூட், ஃபேன் இல்லை’ என்ற விவரம் அதில் ஏற வேண்டும். திருப்பி வாங்கும்போது ‘குறை இல்லை’ என்று எழுதியிருந்தால் ‘சத்தம் தொடர்கிறது’ என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திட்டு ஒரு நகல் வாங்குங்கள்.

‘இது சாதாரணம், அளவுக்குள் இருக்கிறது’ என்ற பதில் வரும், எதிர்பாருங்கள். வீடியோவையும் ஹெர்ட்ஸ் எண்ணையும் காட்டி, அதே மாடலில் இன்னொன்றை அருகில் வைத்துக் கேட்கலாமா என்று பணிவாகக் கேளுங்கள். இரண்டும் ஒரே மாதிரிக் கீச்சிட்டால் உங்கள் வழக்கு தளர்ந்துவிடும். இன்னொன்று அமைதியாக இருந்தால் போர்டு மாற்ற ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

7. போர்டு மாற்றும் முன்

வாரண்டியில் இலவசம். வாரண்டி முடிந்திருந்தால் போர்டின் விலை லேப்டாப் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது சாதாரணம். கீச்சுக்காக மட்டும் அந்தப் பணத்தைக் கொட்டாதீர்கள், புதுப் போர்டும் கீச்சிடலாம்.

விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தவர்களின் டிஸ்க் அவர்களுக்கே தெரியாமல் பூட்டப்பட்டிருக்கலாம். பூட்டின் ரகசியம் பழைய போர்டில் இருக்கிறது. போர்டு மாறினால் 48 இலக்க ரெக்கவரி எண் கேட்கும். அது இல்லையென்றால் உள்ளே இருப்பதெல்லாம் போனது போனதுதான். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கும், தாளில் எழுதி வையுங்கள். முழு பேக்கப்பும் எடுத்துவிடுங்கள். புதுப் போர்டில் பழைய சீரியல் எண்ணை ஏற்றினார்களா, விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று கவுண்டரிலேயே பார்த்துவிட்டு வாங்குங்கள். சீரியல் எண் காலியாக இருந்தால் அடுத்த வாரண்டிப் புகார் ஏறாது.

8. பசை ஊற்றும் வேலை

‘காயிலில் பசை போட்டால் சரியாகும்’ என்று தெருமுனைக் கடையில் சொல்வார்கள். வாரண்டி உள்ள லேப்டாப்பில் இதைத் தொடவே கூடாது. வாரண்டி இல்லாததில் பாதி உண்மை. கம்பி வெளியே தெரியும் பழைய வகைக் காயிலில் கம்பி அசையாமல் பிடிக்கப் பசை உதவும். இப்போதைய லேப்டாப்பில் இருப்பது ஆர்22, 1ஆர்0 என்றெல்லாம் அச்சடித்த சாம்பல் நிறச் சதுரக் கட்டி. உள்ளே ஏற்கெனவே இறுக்கி வார்த்தது, பசைக்கு அங்கே வேலை குறைவு. செராமிக் கெப்பாசிட்டர் கீச்சுக்குப் பசையால் பலன் இல்லை.

அப்படியும் செய்வதென்றால் வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் கூடாது, செம்பை அரிக்கும். நியூட்ரல் க்யூர் என்று எழுதியது வேண்டும். ஹாட் க்ளூ சூட்டில் இளகும். உடனே ஒட்டும் பசை வெள்ளைப் படலம் பரப்பும், நொறுங்கும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. ஓடும் போர்டில் குச்சியால் அழுத்திக் காயிலைத் தேடும் வித்தையை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். குச்சி வழுக்கினால் கீச்சோடு லேப்டாப்பும் அடங்கிவிடும்.

9. மறுத்துவிட்டால்

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல். பில், ஜாப் ஷீட்டுகள், வீடியோ, இரண்டு படம் இணைத்து, பதிலுக்கு 15 நாள் கொடுங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் இல்லை, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். அங்கே கிடைக்கும் புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். திருவனந்தபுரத்தில் வாங்கிய விளவங்கோடு தாலுகாக்காரர் அங்கே அலைய வேண்டாம், நாகர்கோவிலில் கொடுத்தால் போதும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ருதி தளத்தில் ஆன்லைனிலும் பதியலாம். கெடு 2 ஆண்டு. வசிப்பிடத்துக்கு ஆதார் நகல், பில், ஜாப் ஷீட், மின்னஞ்சல் போக்குவரத்து, உறுதிமொழிப் பத்திரம் ஆகியவை வேண்டும்.

வெறும் கீச்சை மட்டும் வைத்துப் போனால் வழக்கு மெலிந்தது. மாற்றிக்கொள்ளும் காலத்துக்குள் எழுத்தில் புகார் கொடுத்தும் ஆள் அனுப்பாமல் காலத்தைக் கடத்தினார்கள் என்பது சேர்ந்தால் வலுக்கும். 1-ஆம் படியில் அனுப்பச் சொன்ன அந்த இரண்டு வரி வாட்ஸ்அப்பின் தேதிதான் அங்கே பேசும். போனை மாற்றும்போது அதை அழித்துவிடாதீர்கள்.